வறுமையும் வீட்டு முட்டுப்பாடும்: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

கொஞ்சக்காலம் யாழ்ப்பாணத்தில வடமராட்சிப் பக்கமும் வலிகாமத்திலயும் வீடுவீடாப் போய் வீட்டு நிலைமையைக் கேட்டு ஃபோம் நிரப்பிற வேலை செய்தனான். அப்ப சனம் என்னட்டக் கேட்ட கேள்வியள், நான் பிறகு மற்ற ஆக்களிட்டக் கேட்டு விளங்கிக்கொண்ட விசயங்கள், எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டு இருந்தனான். ஒழுங்கு வரிசை எண்டு ஒண்டும் இல்லை, உங்களுக்குத் தேவையானதை மட்டும் பாருங்கோ.

வறுமையும் முட்டுப்பாடும் ஒண்டுதானே? ஏன் ரெண்டாப் பிரிச்சுக் கதைக்கிறியள்?

எல்லாரும் முதல் கேக்கிறது இதைத்தான். வறுமையைக் கணக்கெடுக்கிற ஆக்கள் பாக்கிறது காசை. சில நாடுகளில வருமானத்தைப் பாப்பினம், எங்கட இலங்கையில ஒரு வீடு மாசம் எவ்வளவு செலவழிக்குது எண்டதைப் பாக்கினம். முட்டுப்பாடு எண்டு நான் சொல்லுறது அந்தக் காசால நடக்கவேண்டிய காரியம் நடந்துதோ இல்லையோ எண்டதை. ராவைக்குச் சமைச்சியளோ, கரண்ட் வெட்டினவங்களோ, துண்டில எழுதின மருந்தை முழுசா வாங்கினியளோ இல்லாட்டி பாதிதான் வாங்கினியளோ, மாரிக்கு எத்தினை இடத்தில வாளி வைக்கிறியள், இப்பிடி.

ரெண்டும் சொந்தக்காரர்தான், ஆனா ஒரே நேரத்தில வீட்டுக்கு வாற சொந்தக்காரர் இல்லை. ஒராள் முன்னுக்கு வருவார், மற்றவர் பிந்தி வருவார், முன்னுக்கு வந்தவர் வெளிக்கிட்ட பிறகும் பிந்தி வந்தவர் படுத்துக் கிடப்பார். இந்தப் பக்கத்தில இருக்கிறது முழுக்க அந்தக் கதைதான்.

வறுமைக்கோடு எண்டு ரேடியோவில சொல்லுறாங்களே, அது எவ்வளவு?

2019 இல நாடு முழுக்க எண்டு பாத்தா ஒராளுக்கு மாசம் 6,966 ரூபா. விலை ஏறினதோட அந்தக் கோடும் ஏறி இப்ப அதைப்போல ரெண்டு மடங்கையும் தாண்டிட்டுது. 2019 கணக்கையே எடுப்பம், அஞ்சு பேர் உள்ள வீடு எண்டா 34,830 ரூபா. மாசம் 34,500 செலவழிச்ச வீடு வறிய வீடு, 35,000 செலவழிச்ச வீடு வறுமை இல்லாத வீடு. ஐந்நூறு ரூபா வித்தியாசம். ரெண்டு வீட்டுக் குசினியையும் போய்ப் பாத்தா எது எந்த வீடெண்டு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

இன்னொரு வில்லங்கமும் இருக்கு. செலவைத்தானே பாக்கினம், அப்ப கடையில கொப்பிக்கு வாங்கிச் சாப்பிட்டாலும் அது செலவுதான். கடனில மூண்டு நேரம் சாப்பிடுற வீடு கணக்கில வறுமை இல்லாத வீடாத்தான் நிக்கும், அந்தக் கடனைக் கட்டுறதுக்காக அடுத்த வருசம் வாயைக் கட்டேக்கதான் அது வறிய வீடா மாறும்.

வறுமை 2016 இல 4.1 வீதம், 2019 இல 14.3 வீதம் எண்டு போட்டிருக்கு. மூண்டு வருசத்தில அவ்வளவு பேர் விழுந்தவையோ?

இல்லை, கோட்டைத்தான் மாத்தினவை. 2002 ஆம் ஆண்டை அடியா வைச்ச பழைய கோடு கனகாலம் ஓடினது, சனத்தின்ர சாப்பாடும் செலவும் எவ்வளவோ மாறிட்டுது எண்டு பிறகு 2012/13 கணக்கெடுப்பை அடியா வைச்சுப் புதுக்கோடு போட்டினம். அதால ரெண்டு இலக்கத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கக்கூடாது, பேப்பர்காரர் வைக்கினம் எண்டது வேற கதை.

அந்தப் பழைய கோட்டிலயே எங்கட பக்கத்து இலக்கங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்தும். 2012/13 இல மன்னார் 20.1 வீதம், 2016 இல 1.0. முல்லைத்தீவு 28.8 இல இருந்து 12.7. யாழ்ப்பாணம் 8.3, பிறகு 7.7. கிளிநொச்சி மட்டும் மற்றப்பக்கமா 12.7 இல இருந்து 18.2. பிறகு புதுக்கோடு வந்து 2019 இல முல்லைத்தீவு 44.5 வீதம், நாட்டிலயே ஆகக்கூட. நான் கேக்கிறன், மன்னாரில நூறு பேரில இருபது பேரா இருந்தது ஒராளாக் குறைஞ்சிட்டுது எண்டா அந்தப் பத்தொன்பது பேரின்ர கூரை, கக்கூஸ், பழைய கடன், விட்டுப்போன படிப்பு எல்லாம் மூண்டு வருசத்தில சரிவந்திருக்குமோ? கோட்டுக்குக் கிட்டக் கனபேர் நெருக்கிக்கொண்டு நிண்டிருக்கினம், கோட்டுக்கு மேல ஒரு சாண் ஏறினவை, அவ்வளவுதான். புதுக்கோட்டைக் கொஞ்சம் மேல போட்ட உடன திரும்பக் கீழ தெரியினம்.

உழைப்பு நிண்ட உடன முட்டுப்பாடு வந்திடுமோ?

வராது. கனபேருக்கு விளங்காததும் இதுதான்.

வடமராட்சியில ஒரு அக்கா, மனுசன் சின்ன போட்டில கடலுக்குப் போறவர். 2022 ஆவணியில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340 ஆக்கினாங்களே, அண்டையில இருந்து அவர் கிழமைக்கு ஆறு நாள் போனது ரெண்டு நாளாச்சு, பிறகு மற்ற ஆக்களின்ர போட்டில ஏறிக் கூலிக்குப் போனவர். நான் அந்த வீட்டுக்குப் போனது அடுத்த வருசம் தை மாசம். அதுக்குள்ள அஞ்சு மாசம் போயிட்டுது. என்ர ஃபோமில இருந்த கேள்வியளுக்கு அவா சொன்ன மறுமொழி: மூண்டு நேரம் சாப்பிடுறம், கரண்ட் இருக்கு, பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள். ஃபோமின்படி நல்ல வீடு. நானும் அப்பிடித்தான் அடிச்சிட்டு எழும்பினனான்.

எழும்பேக்க மேசையில கடைக்கொப்பி கிடந்தது. சும்மா எடுத்துப் பிரட்டினனான், அவாவும் ஒண்டும் சொல்லேல்லை. சித்திரை மாசத்துப் பக்கத்தில “பால்மா 400” எண்டு மாசத்துக்கு ரெண்டுதரம் இருக்கு. ஆவணியில ஒருதரம். புரட்டாதியில “பால்மா சின்னப் பைக்கற் 1”, அதுவும் சனிக்கிழமையளில மட்டும், வயசுபோன மாமியாருக்காம். ஐப்பசியில பால்மாவே இல்லை, தேயிலை கூடியிருக்கு. சீனி முதல் கிலோக்கணக்கு, பிறகு 500, பிறகு 250. சவர்க்காரம் உடுப்புத் தோய்க்கிறது மட்டும், குளிக்கிறது இல்லை. கார்த்திகையில ஒரு பக்கம் முழுக்க மாவும் தேங்காயும்தான். கடைக்காரர் தன்ர கையால தேதி போட்டு எழுதினது, என்ர ஃபோமைவிட அது எவ்வளவோ உண்மை சொன்னது.

பிறகு இருத்தி வைச்சு விபரம் கேட்டன். முதல் மாசம் கைமாத்து. ரெண்டாம் மாசம் கட்டிக்கொண்டிருந்த சீட்டை இடையில கழிவுக்கு எடுத்தது. காஸ் 2021 ஐப்பசிக்கு முதல் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா வித்தது, 2022 சித்திரையில 4,860, அதால விலை ஏறேக்கையே காஸ் அடுப்பு மூலைக்குப் போட்டுது, பனமட்டையும் பன்னாடையும்தான் எரிக்கிறது. பிறகு பெட்டையின்ர தோடு ஈடு. பிறகு ரியூசன் ரெண்டு பாடத்தில ஒண்டு நிப்பாட்டினது. கடைசியாத்தான் தாலிக்கொடி. நான் போகேக்க கழுத்தில மஞ்சள் கயிறுதான் இருந்தது, நான்தான் கவனிக்கேல்லை.

வருமானம் விழுந்தது ஆவணியில, ஃபோமுக்குத் தெரியிற மாதிரி முட்டுப்பாடு வந்தது அடுத்த வருசம் பங்குனிக்குப் பிறகு, கரண்ட் பில் சிவப்பாகி லைன் வெட்டேக்க. கரண்ட் விலையும் 2022 ஆவணியில சராசரியா 75 வீதம், 2023 மாசியில திரும்ப 66 வீதம் கூட்டினவங்கள், ஏற்கனவே எல்லாத்தையும் வித்து முடிச்ச வீட்டில வந்து விழுந்த அடி அது. இடையில இருந்த ஏழு மாசமும் அந்த வீட்டைத் தாங்கினது சீட்டு, தோடு, கொடி, கடைக்கொப்பி. அது முடிஞ்ச நாளில்தான் முட்டுப்பாடு வெளியில தெரிஞ்சது.

அப்ப உழைப்புத் திரும்ப வந்தா முட்டுப்பாடு போயிடும்தானே?

போகும், ஆனா ஆறுதலாப் போகும். விழுந்த மாதிரியே ஏறேலாது.

அதே வீட்டுக்கு ஒரு வருசத்துக்கு மேல கழிச்சுப் போனனான். மனுசன் திரும்பத் தன்ர போட்டில போறார், கிழமைக்கு நாலு நாள். கையில காசு புழங்குது. கொப்பியில பால்மா திரும்ப வந்திருக்கு. ஆனா ஒவ்வொரு மாசப் பக்கத்துக்கும் மேல “பழைய பாக்கி” எண்டு ஒரு வரி, அதைக் கழிச்சுப்போட்டுத்தான் மற்றது. தோடு மீட்டாச்சு, கொடி மீட்கேல்லை, வட்டி மட்டும் கட்டிக் கட்டிப் புதுப்பிக்கினம். கூரையில ரெண்டு ஓடு விலகினது, அப்பவே மாத்தியிருந்தா சின்னச் செலவு, இப்ப உள்ளுக்கு வளையும் சிலாகையும் உக்கிட்டுது. பெட்டை கணிதத்தில பின்னுக்குப் போனது போனதுதான், மற்றப் பிள்ளையள் ஒரு வருசம் தாண்டிட்டினம். செலவுக் கணக்கில அந்தக் குடும்பம் வறுமைக்கோட்டுக்கு மேல, வீட்டில போய்ப் பாத்தா இன்னும் 2022 தான் நடக்குது.

பின்னுக்குப் போட்ட செலவெல்லாம் வட்டியோட வரும் எண்டது எங்கட சனத்துக்குத் தெரிஞ்ச விசயம்தான். பல்லுக் கொதியைத் தள்ளிப்போட்டவைக்கு அது விளங்கும்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சம்பளம். அவை நல்லா இருக்கினம், நாங்கள் ஏன் உப்பிடி?

உங்கட கெட்டித்தனக் குறைவு எண்டு யோசிக்காதேங்கோ. அமெரிக்காவில சூசன் மேயர், கிறிஸ்தோபர் ஜெங்ஸ் எண்டு ரெண்டு பேர் 1980களில சிக்காக்கோ நகரத்துச் சனத்திட்ட இதைத்தான் கேட்டுப் பாத்தவை: சாப்பாடு, வாடகை, கரண்ட், வைத்தியம், இதில எது எது இல்லாமல் போச்சு எண்டு. 1989 இல வந்த அவையின்ர கட்டுரையில, வீட்டுக்கு வீடு முட்டுப்பாடு வித்தியாசப்படுறதில வருமானத்தை வைச்சு விளங்கப்படுத்தக்கூடியது 24 வீதம்தான் எண்டு போட்டினம். குடும்பத்தின்ர அளவு, வயசு, உடம்பு நிலைமை, சொந்த வீடோ, கடன் எடுக்க ஏலுமோ எண்டதுகளையும் சேத்தா இன்னும் ஒரு 15 வீதம். மிச்சம் வேற.

சிக்காக்கோக் கணக்கை அப்பிடியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரேலாது. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. வீட்டுக் கிணத்தில நல்லதண்ணி உள்ள கோப்பாய் வீடும், உவர்த்தண்ணிக் கிணத்தை வைச்சுக்கொண்டு குடிக்கிற தண்ணியைக் காசுக்கு வாங்கிற தீவகத்து வீடும் ஒரே சம்பளத்தில ஒரே மாதிரி இருக்குமோ? வளவில ரெண்டு முருங்கை, நாலு தென்னை, ஒரு பனைவடலி நிக்கிற வீட்டில காசில்லாட்டியும் ஒரு கறி இருக்கும், ஒடியல் இருக்கும். வாடகை அறையில இருக்கிறவைக்குக் கறிவேப்பிலையும் காசு. சர்க்கரை வருத்தக்காரர் ஒராள் இருந்தா அதே சம்பளத்தில ஒரு பங்கு மருந்துக்குப் போகும், பெரியாஸ்பத்திரியில மருந்து சும்மா தந்தாலும் சில மருந்து வெளியில வாங்கச் சொல்லுவினம், வான்காசு, ஒரு நாள் கூலி இல்லாமல் போறது எல்லாம் இருக்கு.

மற்றது ஆரிட்டக் கைமாத்துக் கேக்கலாம் எண்டது. அது ஒரு சொத்து, ஆனா ஒரு ஃபோமிலயும் அதுக்குக் கட்டம் இல்லை.

வெளிநாட்டில ஆக்கள் இருந்தா முட்டுப்பாடு வராதாமே?

பாதி உண்மை. கனடாவில இருந்து மாசாமாசம் காசு வாற வீடு வேற, தமக்கை மூண்டு வருசத்துக்கு முதல் ஒருக்கா அனுப்பின வீடு வேற. நான் கண்டது என்னெண்டா வெளிநாட்டுக் காசு பெரும்பாலும் பெரிய விசயத்துக்குத்தான் வரும்: ஒப்பரேசன், கலியாணம், கோயில் திருவிழா, கூரை. பால்மாவுக்கு ஆரும் கோல் எடுத்துக் கேக்கமாட்டினம், வெக்கம். அதால மாபிள் பதிச்ச விறாந்தையில இருந்து பிளேன்ரீயும் பாணும் சாப்பிடுற வீடும் எங்கட ஊரில இருக்கு. வெளியில இருந்து பாக்கிறவைக்கு அந்த மாபிள்தான் தெரியும்.

வறுமையில எவ்வளவு காலம் இருந்தவை எண்டது அவ்வளவு முக்கியமோ?

மெத்த முக்கியம். ஒரு மாசம் காசில்லாமல் இருக்கிறதும் ஆறு வருசம் காசில்லாமல் இருக்கிறதும் ஒரே கட்டத்தில புள்ளடி போடுற விசயம் இல்லை.

மேரி ஜோ பேன், டேவிட் எல்வூட் எண்டு ரெண்டு பேர் 1986 இல இதை ஆஸ்பத்திரிக் கட்டிலை வைச்சு விளங்கப்படுத்தினவை, நான் எங்கட ஊருக்கு மாத்திச் சொல்லுறன். ஒரு வாட்டில பத்துக் கட்டில். ஒன்பது கட்டிலில மாசக்கணக்கா அதே வருத்தக்காரர். ஒரு கட்டிலில மட்டும் ரெண்டு நாளுக்கு ஒராள் மாறி மாறி வருவினம். வருசக் கடைசியில அட்மிஷன் கொப்பியைப் பாத்தா வந்த ஆக்களில ஆகக்கூடப்பேர் ரெண்டு நாளில வீட்ட போனவை. ஆனா நீங்கள் எந்த நாள் உள்ளுக்குப் போய்ப் பாத்தாலும் கட்டிலில கிடக்கிறது நீண்டநாள் வருத்தக்காரர். வறுமையும் அப்பிடித்தான். ஒருக்கா விழுந்து கெதியா எழும்பினவை கன பேர், எந்த ஒரு நாளிலயும் நீங்கள் காணுற வறிய வீடுகளில பெரும்பங்கு கனகாலம் அதுக்குள்ளயே கிடக்கிற வீடுகள்.

பிறகு 2007 இல ஜோன் ஐஸ்லண்டும் கேர்ட் போமனும் அமெரிக்கத் தரவுகளைப் பாத்துச் சொன்னது: வறுமை நீண்டால் முட்டுப்பாட்டோட அதின்ர தொடர்பும் இறுகும், அதிலயும் சாப்பாட்டுத் தட்டுப்பாடு, அடிப்படைச் செலவு கட்டேலாமல் போறது, வீட்டுச் சாமான் இல்லாதது, இதுகளோட நெருக்கம் கூட. வீடு பழுது, அயல் சரியில்லை எண்ட மாதிரி விசயங்களோட நெருக்கம் குறைவு. எனக்கு இது சரியாத்தான் படுது. கையில இருக்கிற காசு முதல்ல சாப்பாட்டைத் தொடும், வீடு எண்டது பழைய காசின்ர அடையாளம், நல்லகாலத்தில கட்டினது கெட்டகாலத்திலயும் நிக்கும்.

90களில யாழ்ப்பாணத்தில எல்லாருக்கும்தான் முட்டுப்பாடு. அப்ப எல்லாரும் ஏழையளோ?

நல்ல கேள்வி, என்ர அப்பா அடிக்கடி கேக்கிறது. 1990 இல சண்டை திரும்பத் துவங்கின பிறகு பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், எல்லாம் வராது இல்லாட்டி துளிதான் வரும். கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில படிச்சவை, பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்ச்சவை, மோட்டசைக்கிளுக்கு ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினவை. அரசாங்க உத்தியோகத்தருக்குச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. காசு இருந்தது, சாமான் இல்லை. வறுமை இல்லாத முட்டுப்பாடு எண்டா அதுதான். 2006 ஆவணியில யாழ்ப்பாணத்தைத் தெற்கோட இணைக்கிற ஏ9 பாதை பூட்டினபோதும் அதே கூத்துத் திரும்ப நடந்தது.

ஆனா அப்பாவோட நான் ஒத்துப்போகாத இடம் ஒண்டு இருக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தது எண்டு சொல்லுவார். 1995 ஐப்பசி 30 ராத்திரி சண்டைக்குப் பயந்து இடம்பெயரேக்க எல்லாரும்தான் ஒரே ரோட்டால நடந்தது, ஆனா தென்மராட்சியில இனசனத்தின்ர வீடு இருந்தவைக்கும் பள்ளிக்கூட விறாந்தையில படுத்தவைக்கும் பிறகு வந்த வருசங்கள் ஒண்டில்லை. தடை எடுபட்டு 2002 சித்திரையில பாதை திறந்தவுடன சாமான் வந்தது, காசு வைச்சிருந்தவையின்ர முட்டுப்பாடு ஒரு மாசத்தில முடிஞ்சது. நகையையும் காணியையும் சாப்பிட்டு முடிச்சவைக்குச் சாமான் கடையில வந்தது, வீட்டுக்கு வரேல்லை.

வீட்டுத்திட்டத்தில வீடு கிடைச்ச ஆக்களுக்கு முட்டுப்பாடு குறைஞ்சதோ?

கூரை முட்டுப்பாடு குறைஞ்சது. இந்திய வீட்டுத்திட்டத்தில ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா தந்தவை, கட்டம் கட்டமா. அந்தக் காசுக்குள்ள கட்டி முடிச்சவையும் இருக்கினம், சீமெந்து விலை, மேசன் கூலி ஏறினதால மிச்சத்துக்குக் கடன்பட்டவையும் இருக்கினம், கொஞ்சம் பெரிசாக் கட்டுவம் எண்டு ஆசைப்பட்டு மாட்டினவையும் இருக்கினம். வீடு எண்ட கேள்விக்குப் புள்ளடி விழுந்தது, சாப்பாட்டுக் கேள்வியில புள்ளடி அழிஞ்சது. முட்டுப்பாடு ஒரு அறையில இருந்து எழும்பி மற்ற அறைக்குள்ள போய் இருக்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குழுக்கடன் எடுத்தா சமாளிக்கலாமோ?

ஒரு மாசம் சமாளிக்கலாம். கிழமைக்கிழமை கட்டவேணும், ஒராள் கட்டாட்டி குழுவில மற்றவை கட்டவேணும், அதுக்காக இன்னொரு குழுவில எடுத்து இதைக் கட்டி, பிறகு அறாவட்டிக்காரனிட்ட எடுத்து அதைக் கட்டி. பிரச்சினை முத்தி 2018 இல அரசாங்கமே வரட்சி பாதிச்ச 12 மாவட்டத்துப் பொம்பிளையளின்ர ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யிற திட்டம் கொண்டுவந்தது. கடன் எண்டது முட்டுப்பாட்டை இல்லாமல் ஆக்கிறேல்லை, பிந்தப்பண்ணுது. உழைப்புத் திரும்ப வரும் எண்டு நிச்சயம் இருந்தா அது நல்லம், வராட்டி ரெட்டிப்பா விழும்.

சீட்டு?

ஆள் நம்பிக்கையானவரா இருந்தா குழுக்கடனைவிட எவ்வளவோ மேல்.

ஒரு வீட்டில எல்லாருக்கும் ஒரே முட்டுப்பாடுதானே?

இல்லவே இல்லை. ஃபோம் வீட்டைக் கேக்குது, வீடு சாப்பிடுறேல்லை, ஆக்கள்தான் சாப்பிடுறவை. முதல் உழைக்கப் போறவர், பிறகு பிள்ளையள், கடைசியில சட்டி வழிக்கிறது அம்மா. “நான் விரதம்” எண்டு சொல்லுறவையில கொஞ்சப்பேர் ஏன் வெள்ளியோட செவ்வாயும் சனியும் சேத்துப் பிடிக்கினம் எண்டு கேட்டுப் பாருங்கோ. கேக்கேக்க மனுசனை வெளியில அனுப்பிப்போட்டுக் கேளுங்கோ.

எந்த வயசில முட்டுப்பாடு கூட?

இங்கிலாந்தில யோர்க் எண்ட ஊரில சீபோம் ரவுண்ட்ரீ எண்டவர் 1899 இல வீடுவீடாக் கணக்கெடுத்து ஒரு விசயம் சொன்னவர்: ஒரு கூலிக்காரன்ர சீவியத்தில மூண்டு பள்ளம் இருக்கு. சின்னப்பிள்ளையா இருக்கேக்க ஒண்டு, தான் கலியாணம் கட்டிப் பிள்ளையள் சின்னனா இருக்கேக்க ஒண்டு, வயசுபோய் உழைக்கேலாமல் வரேக்க ஒண்டு. நடுவில பிள்ளையள் உழைக்கத் துவங்கேக்க கொஞ்சம் மேடு. நூறு வருசம் தாண்டியும் எங்கட ஊரில அதே பள்ளம்தான், பொம்பிளைப்பிள்ளை உள்ள வீட்டில சீதனம் எண்டு நாலாவது பள்ளம் ஒண்டையும் நாங்களே வெட்டி வைச்சிருக்கிறம். மேடு வரவேண்டிய நேரத்தில வெட்டுறது.

அஸ்வெசும எங்களுக்கு ஏன் வரேல்லை? சமுர்த்தி வந்ததே.

ரெண்டும் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் காசு குடுக்கிற திட்டம். சமுர்த்தி 1995 இல துவங்கினது, அதில ஆர் உள்ளுக்கு, ஆர் வெளியில எண்டது விதானையார் (கிராம அலுவலர்), சமுர்த்தி உத்தியோகத்தர், கொஞ்சம் கட்சிக்காரர் எண்டு போச்சு. 2023 ஆடியில வந்த அஸ்வெசும வேற மாதிரி. படிப்பு, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு எண்டு ஆறு பக்கம், அதுக்குள்ள 22 அளவுகோல், அதை வைச்சுப் புள்ளி போட்டு நாலு வகையாப் பிரிச்சவை. துவக்கத்தில மாசம் 2,500, 5,000, 8,500, 15,000 எண்டு. கடைசி ரெண்டையும் 2025 இல 10,000 உம் 17,500 உம் ஆக்கினவை.

நான் மேல சொன்ன பிரச்சினை இங்கதான் வந்து முட்டுது. சொத்தும் வீடும் பழைய காலத்தைக் காட்டுறது. போன வருசம் விழுந்த குடும்பத்திட்ட கல்வீடு இருக்கும், மோட்டசைக்கிள் இருக்கும், பிறிஜ் இருக்கும். ஒரு வீட்டில பிறிஜ் எண்டு எழுதப் போனன், அவா கதவைத் திறந்து காட்டினவா, உள்ளுக்குப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடக் கொப்பியள். கரண்ட் பில் கட்டேலாமல் பிளக்கைக் கழட்டி எட்டு மாசமாம், எலி வெட்டாமல் இருக்க நல்ல அலுமாரி எண்டு சொன்னவா. ஃபோமில அது பிறிஜ்தான்.

மற்றப்பக்கம், கனகாலம் முட்டுப்பாட்டில கிடந்து இப்ப மகன் வெளிநாடு போய்க் காசு அனுப்பத் துவங்கின வீடு, தகரக்கூரையைக் காட்டிப் புள்ளி எடுத்திடும். அவையிலயும் பிழை சொல்லேலாது, கூரை இன்னும் தகரம்தானே. அந்த நாலு வகையில ஒண்டுக்குப் பேரே நிலைமாறும் குடும்பங்கள், கொஞ்சக்காலத்தில தானா எழும்பிடுவினம் எண்ட எண்ணத்தில துவக்கத்தில 2023 கடைசி வரைக்கும் எண்டுதான் நாள் குறிச்சுக் குடுத்தவை. நாள் முடியும், பழைய பாக்கி முடியாது.

மேன்முறையீடு போடேக்க என்னத்தைச் சொல்லவேணும்?

கஸ்ரம் கஸ்ரம் எண்டு மட்டும் எழுதாதேங்கோ, எல்லாரும் அதைத்தான் எழுதினம். எப்ப துவங்கினது எண்டு தேதியோட எழுதுங்கோ. உழைப்பு எந்த மாசம் நிண்டது, ஏன் நிண்டது. ஈட்டுத் துண்டு இருந்தா ஃபோட்டோக் கொப்பி எடுத்து வையுங்கோ, அதில நாள் இருக்கும். சிவப்புப் பில், லைன் வெட்டின துண்டு, கிளினிக் கொப்பி, கடைக்கொப்பியில முதல் மாசப் பக்கமும் இப்பத்தைய பக்கமும். வீட்டில இருக்கிற ஒவ்வொரு பெரிய சாமானும் எந்த வருசம் வாங்கினது, இப்ப வேலை செய்யுதோ எண்டதையும் பக்கத்தில எழுதுங்கோ. மோட்டசைக்கிளுக்கு லைசன்ஸ் எப்பவோ முடிஞ்சு ரயர் இல்லாமல் கொட்டிலுக்குள்ள நிண்டால் அதையும் எழுதுங்கோ. வீட்டுக்கு வாற உத்தியோகத்தர் பிறிஜ் எண்டு எழுதப் போனால் கதவைத் திறந்து காட்டுங்கோ.